மலையூரின் பழைய வீடுகளும் நம் உபதேசியார் வீடும்

(யூபிலி ஆண்டின் தொடக்கத்தில் ஆலய வளாகத்தில் நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. கேட்டவர்கள் பலரும் விரும்பியபடி இம்மலரில் வெளியிடப்படுகிறது.)



இந்த யூபிலி ஆண்டில் நம் இளைஞர் மன்றத்தார் உதகமண்டலத்துக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பூங்கா, படகுத்துறை, தொட்டபெட்டா ஆகியவற்றைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், அவற்றைத் தவிர வேறு என்ன பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். அதே வாரத்தில் பங்குப் பேரவையிலும் ஒரு கேள்வி எழுந்தது. ஆலயத்தின் பக்கத்தில் நிற்கும் பழைய ஓட்டு வீடு, நாம் ‘உபதேசியார் வீடு’ என்று சொல்லி வருகிறோமே, அதை இடித்துவிட்டு யூபிலி நினைவு மண்டபம் கட்டலாமா, கூடாதா என்பதே அது. இடிக்கலாம் என்போர் பாதி, கூடாது என்போர் பாதி. இந்த இரண்டு கேள்விகளுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றியது. ஆகவே இன்று ஊட்டியின் பழைய வீடுகளைப் பற்றிப் பேசுகிறேன். நம் வீட்டைப் பற்றிய பேச்சு அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் நம் ஊரிலிருந்து புறப்படுவோம். வாலாஜாபாத் என்ற பெயர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர். கும்பினியார் காலத்தில் இங்கே பட்டாளம் குடியிருந்தது. அக்காலத்தில் துரைமார் படையில் போரில் மாண்டவர்களைவிட நோயில் மாண்டவர்களே அதிகம். வெயில், விஷக் காய்ச்சல், வாந்திபேதி இவற்றுக்கு அஞ்சாத வெள்ளைக்காரச் சிப்பாய் கிடையாது. சிப்பாய் மட்டுமா? சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1826ஆம் ஆண்டு ஊட்டிக்குச் சென்று அதன் குளிர்ச்சியை அனுபவித்துத் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1827 ஜூலையில், சமவெளியில் சுற்றுப்பயணம் செய்கையில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். சமவெளியின் வெக்கையிலும் நோயிலும் வாடியவர்கள் தேடிய இடமே நீலகிரி. ஊட்டியின் பங்களாக்கள் முதலில் நோயாளிகளின் புகலிடமாகத்தான் நினைக்கப்பட்டன. கேளிக்கையெல்லாம் பின்னால் வந்தது.

அந்த மலைக்கு முதலில் ஏறிய ஐரோப்பியர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் என்பார்கள். அது சரியன்று. சல்லிவனுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1603ஆம் ஆண்டில், கள்ளிக்கோட்டையிலிருந்து யாக்கோமே பெனிசியோ என்ற சேசு சபைக் குரு அந்த மலையில் ஏறினார். புனித தோமையார் காலத்துக் கிறிஸ்தவர்களின் வழிவந்தவர்கள் மலைமேல் வாழ்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அதை விசாரித்து வருமாறு ரோஸ் ஆண்டகை அவரை அனுப்பினார். பெனிசியோ சுவாமி அங்கே கண்டவர்கள் தோடர்களும் படகர்களும். தாம் தேடிவந்த கிறிஸ்தவர்கள் இவர்கள் அல்லர் என்று தெரிந்துகொண்டார். அவர்களுடைய எருமைகளையும் உடையையும் வழிபாட்டையும் பற்றிக் கடிதம் எழுதினார். பெண்களுக்குக் கண்ணாடியும் நூல் கண்டும் கொடுத்தார். கேட்டார், எழுதினார், இறங்கிவிட்டார். மலையில் ஒரு கல்லைக்கூட அவர் நட்டதில்லை. ஆனாலும் அம்மக்களைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவுகளில் ஒன்று அவருடைய கடிதமே. வீடு கட்டினால்தான் வரலாற்றில் இடம் என்பதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தவனுக்கும் இடம் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி சல்லிவன் துரைக்கு வருவோம். 1818இல் அவருடைய உதவியாளர்கள் இருவர் மலைக்குச் சென்று திரும்பி, அங்கே கோடையிலும் குளிர்கிறது என்று சொன்னார்கள். 1819 ஜனவரியில் சல்லிவன் தாமே புறப்பட்டார். லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞரும் உடன் சென்றார். நோயுற்றிருந்த லெஷனோ மலைக்காற்றில் தேறினார் என்கிறார்கள். கோத்தகிரிக்கு அருகில் திம்பட்டி என்ற இடத்தில் சல்லிவன் முதலில் ஒரு வீடு கட்டினார். பிறகு 1822இல் ஊட்டியில் ஒரு கல்வீட்டைத் தொடங்கி 1823இல் முடித்தார். அதுதான் ஊட்டியின் முதல் பங்களா, ‘ஸ்டோன் ஹவுஸ்’. மலைவாசிகள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். அதுவரை அம்மலையில் மூங்கிலும் புல்லும் மண்ணும் கொண்டுதான் வீடு கட்டினார்கள். ஆகவே கல்லால் கட்டியதே அதற்குப் பெயராயிற்று.

அந்த வீட்டின் பின்கதை சுவையானது. சல்லிவன் அதைச் சுற்றித் தோட்டம் போட்டார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பார்லி, ஐரோப்பியப் பழமரங்கள் எல்லாம் வளர்த்தார். இன்று நம் வாலாஜாபாத் சந்தையில் ‘ஊட்டி உருளை’ என்று கூவுகிறார்களே, அதன் பாட்டன் அந்தத் தோட்டத்தில் விளைந்தது. ஊட்டி ஏரியும் அவர் வெட்டுவித்ததே. பிற்காலத்தில், 1870 முதல், சென்னை அரசாங்கமே கோடைதோறும் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகலாயிற்று. அப்போது கல் பங்களா அரசு அலுவலகமாயிற்று. 1955இல் ஊட்டியில் அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதற்கு இடமாயிற்று. இன்றும் கல்லூரி முதல்வரின் அலுவலகம் அங்கேதான். ஒரு கலெக்டர் தம் குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டின் வாசலில் இன்று தோட்டத் தொழிலாளியின் மகள் சேர்க்கைப் படிவத்தோடு நிற்கிறாள். அந்தக் கட்டடம் இருநூறு ஆண்டுகள் நின்றதற்குக் கல்லின் வலிமை மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு வேலை கொடுத்து வந்தது. புழக்கம் இல்லாத வீட்டுக்கு வௌவால்தான் வாரிசு.

இதற்கு எதிர்ச் சான்றும் அதே மலையில் இருக்கிறது. கோத்தகிரிக்கு அருகில் கன்னேரிமுக்கில் சல்லிவனின் பெயரால் வழங்கும் அந்த முதல் வீடு, ஊட்டி வீட்டைவிடப் பழையது. ஆனால் அதற்கு வேலை இல்லாமற்போயிற்று. கூரை விழுந்து, சுவர் சரிந்து, நெடுங்காலம் பாழாகக் கிடந்தது. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் மாவட்ட நிர்வாகம் அதைப் பழுதுபார்த்து நிமிர்த்தியது. இன்று அது நீலகிரியின் வரலாற்றைக் காட்டும் நினைவகமாக இருக்கிறது. பாழான வீட்டையும் மீட்கலாம் என்பதற்கு அது சாட்சி. இளைஞர்களே, நேரம் இருந்தால் கோத்தகிரி வழியாக இறங்குங்கள், அதையும் பார்த்துவிடலாம்.

ஊட்டியில் பார்க்க வேண்டிய பழைய கட்டடங்கள் இன்னும் பல. எல்லாவற்றையும் விவரித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும், சிலவற்றை மட்டும் சொல்கிறேன். புனித ஸ்தேவான் ஆலயம் ஆங்கிலிக்கன் சபையார் கட்டியது. 1829இல் அடிக்கல் நாட்டி 1830இல் அபிஷேகம் செய்தார்கள். அதன் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரங்கள். தோற்ற அரசனின் மாளிகை மரம், வென்றவர்களின் ஆலயத்தைத் தாங்குகிறது. அண்ணாந்து பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தை ஒட்டிய கல்லறையில் சல்லிவனின் மனைவி ஹென்ரியேட்டாவும் மகளும் துயில்கின்றனர். சல்லிவன் மட்டும் இங்கிலாந்தில் அடக்கமானார். நலம் தேடி ஏறிய மலையிலும் கல்லறை தவிர்க்க முடியாததாயிற்று.

1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. அதன் கட்டடத்தை வடிவமைத்தவர் சிஷோம் துரை. சென்னையில் செனட் மண்டபத்தைக் கட்டியவரும் இவரே. மைசூர் மகாராஜாக்களின் ஃபெர்ன்ஹில் அரண்மனை இருக்கிறது. தேக்கு மரப் படிக்கட்டு, ஒவ்வோர் அறையிலும் கணப்பு அடுப்பு, வெளியே துருத்தி நிற்கும் கண்ணாடிச் சன்னல், மழைநீர் வழியும்படி சரிந்த கூரை இவையே அந்தப் பங்களாக்களின் அடையாளம். நம் ஊரில் வெயிலை வெளியே நிறுத்தச் சன்னலைச் சிறிதாக வைத்தோம். அவர்கள் வெயிலை உள்ளே அழைக்கக் கண்ணாடி வைத்தார்கள். வீடு என்பது அந்தந்த மண்ணின் வானிலைக்கு மனிதன் சொல்லும் பதில்.

நம் திருச்சபைக்கும் அங்கே வேர் உண்டு. காந்தல் குருசடித் திருத்தலத்துக்குச் செல்லாமல் நம் கத்தோலிக்கர் எவரும் ஊட்டியிலிருந்து இறங்குவதில்லை. 1955இல் உதகை மறைமாவட்டம் உருவாயிற்று. அதன் முதல் ஆயர் அந்தோணி படியறை ஆண்டகை பிற்காலத்தில் கர்தினாலானார். அங்கே ஆயராக இருந்த அருள்தாஸ் ஜேம்ஸ் ஆண்டகை 1994இல் சென்னை மயிலைப் பேராயராக வந்தார். செங்கற்பட்டு மறைமாவட்டம் 2002இல் பிரிக்கப்படும்வரை நம் பகுதியும் சென்னை மயிலையைச் சேர்ந்ததுதானே! ஆகவே அந்த மலை நமக்கு அந்நியமன்று.

அன்பர்களே, இதுவரை சொன்னவை துரைமார் வீடுகள், அரசர் வீடுகள். ‘பாரம்பரிய வீடுகள்’ என்று வழிகாட்டி நூல்கள் சொல்வதும் இவற்றைத்தான். ஆனால் கேளுங்கள்: கல் பங்களாவுக்கு முன்பு அந்த மலையில் வீடே இல்லையா?

இருந்தது. உதகமண்டலம் என்ற பெயரிலேயே இருக்கிறது. துரைமார் வாயில் ‘ஊட்டகமண்ட்’ ஆன பெயரின் கடைசிப் பகுதி ‘மந்து’. மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. ஊருக்குப் பெயர் கொடுத்ததே அந்தக் குடியிருப்புதான். தாவரவியல் பூங்காவின் மேற்பக்கம் ஏறினால் இன்றும் மஞ்சக்கல் மந்து என்ற தோடர் குடியிருப்பு உள்ளது. பூங்காவில் பூவைப் படம் பிடித்துவிட்டு அப்படியே திரும்புகிறவர்கள் மிகப் பலர். நீங்கள் அங்கேயும் போங்கள். ஆனால் அது காட்சிச்சாலையன்று, மக்கள் குடியிருக்கும் இடம். வீட்டாரைக் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். அவர்களுடைய கோயிலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அதைப் பேணும் பூசாரி தவிர அவர்களே உள்ளே போவதில்லை.

தோடர் வீட்டின் வடிவத்தைச் சொல்கிறேன். கூண்டு வண்டியின் கூண்டைக் கழற்றித் தரையில் வைத்தாற்போல இருக்கும். மூங்கிலையும் பிரம்பையும் வில்லாக வளைத்துக் கட்டி, அதன்மேல் புல் வேய்வார்கள். முன்னும் பின்னும் பலகையோ கல்லோ வைத்து அடைப்பார்கள். வாசல் மூன்றடி உயரம்கூட இராது, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிர் நுழையாமலும் காட்டு விலங்கு நுழையாமலும் இருக்க அந்தச் சிறு வாசல் உதவியது. பெத்லகேமில் நம் ஆண்டவர் பிறந்த இடத்து ஆலயத்துக்கும் குனிந்தே நுழையும்படி ஒரு சிறு வாசல்தான் உண்டு. தலை வணங்காமல் உள்ளே போக முடியாத வாசல்கள் இரண்டு: ஒன்று புண்ணிய பூமியில், மற்றொன்று நம் நீலகிரியில்.

நெசவாளர் குடும்பத்தினர் இங்கே பலர் இருக்கிறீர்கள், உங்களுக்காக ஒன்று. தோடர்கள் போர்த்தும் வெள்ளைப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். அதில் கறுப்பும் சிவப்புமான நூலால் பெண்கள் பூவேலை செய்கிறார்கள். துணியில் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணியே ஊசி ஓடுகிறது. கோர்வை பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு அதன் அருமை தெரியும். நம் காஞ்சிப் பட்டுக்கு உள்ளது போன்ற புவிசார் குறியீடு தோடர் பூவேலைக்கு 2013இல் கிடைத்தது.

இனி உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சல்லிவன் அந்த நிலத்தை எப்படிப் பெற்றார்? தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எருமை மேய்த்து வாழ்ந்தவர்களுக்கு நிலத்தை விற்பது என்ற எண்ணமே புதிது. மேய்ச்சல் நிலமாகவும் கோயில் நிலமாகவும் இருந்த மலை, சில ஆண்டுகளுக்குள் வேலியும் தோட்டமும் பங்களாவுமாக மாறிற்று. சல்லிவனே பெருமளவு நிலத்தைத் தம் வசமாக்கிக்கொண்டார்.

ஆனாலும் அதே சல்லிவன்தான், மலையின் உண்மையான உரிமையாளர் தோடர்களே, அவர்களுக்கு இழப்பீடு தராமல் நிலத்தை எடுக்கக்கூடாது என்று அரசாங்கத்தோடு வாதாடினார். ஆளுநர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. இருவருக்கும் பகையே மூண்டது. ஸ்தேவான் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர் அந்த லஷிங்டன். ஒரு மனிதன் தானே நிலத்தை வளைக்கவும் செய்தான், அந்நிலத்தின் ஏழைக்காகப் பரிந்து பேசவும் செய்தான். இதில் எந்தப் பாதியை நாம் மறைத்தாலும் வரலாறு பொய்யாகிவிடும். 2022இல் ஊட்டியின் இருநூறாவது ஆண்டு கொண்டாடப்பட்டபோது சல்லிவனுக்கு மரியாதை செய்தார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் இருநூறு என்பது கல் பங்களாவின் வயது. மந்துகளின் வயதை யார் எண்ணினார்கள்?

இன்னொன்றும் கவனியுங்கள். தோடர் வீட்டை ஏன் இன்று அதிகம் காண முடியவில்லை? இடித்தவர்கள் யாருமில்லை. 1840களில் துரைமார் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். நாடு விடுதலை பெற்ற பின்னும் அவை பெருந்தோட்டங்களாகப் பரவின. புல்வெளியும் சதுப்பும் சுருங்கின. கூரை வேயும் புல் வளர்வதோ அந்தச் சதுப்பில். புல் அரிதானது, பிரம்பு அரிதானது, வேயத் தெரிந்த கைகளும் குறைந்தன. பெரும்பாலான தோடர் குடும்பங்கள் செங்கல், சிமெண்டு வீடுகளுக்கு மாறிவிட்டன. பழைய வடிவம் கோயில்களில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. அண்மைப் பத்தாண்டுகளில் சில மந்துகளில் பழைய முறைப்படி மீண்டும் கட்டத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. வீட்டைக் காப்பது என்றால் சுவரைக் காப்பது மட்டுமன்று. அதற்குப் பொருள் தந்த மண்ணையும், அதைக் கட்டத் தெரிந்த கையையும் சேர்த்தே காக்க வேண்டும். மலை ரயிலுக்கு 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மதிப்பு வந்ததும் பாராட்டுகிறோம். புல் வளரும் ஒரு சதுப்புக்கு அப்படி யார் பட்டம் கொடுப்பார்கள்?

கல் பங்களாவின் கற்களைச் சுமந்தவர்கள் எங்கே என்றும் கேட்க வேண்டும். மலைப் பாதைகளை வெட்டியவர்கள் சிறைக் கைதிகளும் பட்டாளத்தின் பாதை வேலையாட்களும் ஆவர். சுமை தூக்கியும் கல் உடைத்தும் தோட்டம் கொத்தியும் வாழ மலையேறிய சமவெளித் தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இவ்வளவையும் யூபிலி ஆண்டில் ஏன் பேசுகிறேன்? யூபிலி என்ற சொல்லின் வேர் எபிரேய மொழியில் ஆட்டுக் கொம்பு ஊதுகுழலைக் குறிப்பது. லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தை வீட்டில் திறந்து படியுங்கள். ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதப்படும். அப்போது வறுமையால் நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்பலாம். நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் தங்கிச் செல்லும் வழிப்போக்கர் என்பது அதன் கருத்து. வீடுகளுக்கும் அங்கே சட்டம் உண்டு. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவனுக்கே உரியது. மதில் இல்லாத சிற்றூர் வீடோ வயலைப் போலவே எண்ணப்பட்டு யூபிலியில் திரும்பிவிடும். பாருங்கள், யூபிலி என்பது தோரணமும் மேளமும் மலரும் மட்டுமன்று. யாருடைய நிலம், யாருடைய வீடு, யார் இழந்தார், யாருக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு சமுதாயமே கணக்குப் பார்க்கும் ஆண்டு அது.

இப்போது நம் உபதேசியார் வீடு. அது பெரிய கட்டடமில்லை. ஒரு திண்ணை, ஒரு கூடம், இரண்டு அறை, நாட்டு ஓடு. சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பூசிய சுவர். திப்புவின் உத்திரம் அதில் இல்லை. ஆனால் குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வந்துபோன நாட்களில் ஞாயிறு செபத்தை நடத்தியவரும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவரும், இறப்புக்கு முதலில் ஓடிவந்தவரும் உபதேசியாரே. அவர் குடும்பம் வாழ்ந்த வீடு அது. நம் பங்கின் கல் பங்களாவும் அதுவே, மந்தும் அதுவே.

இளைஞர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “சாமி, பழசை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மழைக்கு ஒழுகுது. கல்யாணத்துக்கு மண்டபம் இல்லாம வெளியே வாடகை கொடுக்கிறோம்.” நியாயமான கேள்வி. வாடகை கொடுத்து நொடித்துப்போகிறவர் ஏழைக் குடும்பத்தவர்தான். ஏழைக்கு வேண்டிய மண்டபத்தைப் ‘பாரம்பரியம்’ என்ற பெயரால் நான் தடுக்க மாட்டேன். பாட்டி ஒருவர் சொன்னது வேறு: “அந்தத் திண்ணையிலதான் சாமி நான் அ, ஆ எழுதினேன். அதை இடிச்சா என் எழுத்தையே அழிச்ச மாதிரி.” அதுவும் நியாயந்தான்.

ஆகவே என் கருத்தைச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

முதலாவது, இடிப்பதா என்று கேட்பதற்கு முன், அந்த வீட்டுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று கேளுங்கள். தறி வீடுகளில் பிள்ளைகள் படிக்க இடமில்லை. குழித்தறி கூடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பாவு தெருவைப் பிடித்துக்கொள்கிறது, புத்தகத்துக்கு எங்கே இடம்? அந்தக் கூடத்தில் இரண்டு மேசையும் விளக்கும் போட்டால் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் மாலைப் படிப்பகமாகும். மண்டபத்துக்கு வளாகத்தின் மேற்குப் பக்கம் இடம் போதுமா என்று அளந்து பாருங்கள்.

இரண்டாவது, சுண்ணாம்பு வேலை அறிந்த பழைய கொத்தனார் ஒருவரையும் பொறியாளர் ஒருவரையும் அழைத்து வந்து காட்டுங்கள். ஓடு மாற்றிப் பழுதுபார்க்க எவ்வளவு, இடித்துக் கட்ட எவ்வளவு என்று இரண்டு கணக்கும் எழுத்தில் வரட்டும். ஒழுகுகிற கூரைக்குச் சிமெண்டு பூசுவது வைத்தியமன்று. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்றுவிடும். நல்லெண்ணத்தோடு சிமெண்டு பூசியே கெடுத்த பழைய கட்டடங்கள் ஏராளம்.

மூன்றாவது, பெனிசியோ சுவாமி செய்ததை நாம் செய்வோம். எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் இளைஞர்கள் நோட்டோடு போங்கள். உங்கள் செல்ஃபோனிலும் பதிவு செய்யுங்கள். இந்த வளாகத்துக்கு நிலம் தந்தவர் யார்? அதற்கு முன் இங்கே உழுதவர் யார், குடியிருந்தவர் யார்? மனநிறைவோடு எழுந்து போனாரா, மனக்குறையோடு போனாரா? ஓடு சுமந்த பெண்கள் யார், சுவர் எழுப்பிய கொத்தனார் யார்? மதத்தைப் பார்க்காதீர்கள், உழைத்தவர் எல்லோரையும் எழுதுங்கள். இந்த விழாவுக்கு நாம் வைக்கப்போகும் கல்வெட்டில் நன்கொடை கொடுத்தவர் பெயருக்குக் கீழே உழைப்பைக் கொடுத்தவர் பெயரும் வர வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். எங்கேனும் ஒரு குடும்பத்துக்கு மனக்குறை இருந்தது என்று தெரிந்தால், விழாவுக்கு முதல் அழைப்பு அந்த வீட்டுக்குப் போகட்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்னும் இடிப்பதே சரி என்று பேரவை முடிவு செய்தால், அதையும் மரியாதையோடு செய்வோம். அளந்து வரைபடம் எடுத்து, படம் பிடித்து, கதவையும் தூணையும் பத்திரப்படுத்திவிட்டுக் கடப்பாறையை எடுப்போம். இறந்தவரை அடக்கம் செய்வதற்கே நமக்கு ஒரு சடங்கு இருக்கும்போது, மூன்று தலைமுறைக்கு நிழல் தந்த வீட்டுக்கு ஒரு செபமாவது வேண்டாமா?

இன்னும் இரண்டு வாரத்தில் பேரவை கூடுகிறது. அதற்குள் ஆளுக்கொரு முறை அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்து யோசியுங்கள். நாம் எல்லோருமே வழிப்போக்கர்கள். நமக்கு முன் வந்தவர்கள் ஒரு திண்ணையை விட்டுச் சென்றார்கள். நமக்குப் பின் வருகிறவர்கள் வந்து உட்கார நாம் எதை விட்டுச் செல்லப்போகிறோம் என்பதே இந்த யூபிலியின் கேள்வி. நல்ல முடிவை எடுக்கும் ஞானத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.